தமிழருக்கு ஒரு கல்

கிரான்பர்ன் தாண்டிக் காரில் கொஞ்சத் தூரம் ஓடினால் எங்கள் ஊர். ஒரே ஒரு கடைத்தெரு, அதில் பத்தடிக்கு ஒரு வரலாற்றுக் கல். இன்னார் இங்கே குதிரைக்குத் தண்ணீர் காட்டினார் என்று ஒன்று. இங்கே இருந்த ஹோட்டல் எரிந்துபோனது என்று இன்னொன்று. ஆளுநர் வருவதாக இருந்து, மழையால் வராமல் விட்டதற்கும் ஒரு கல் இருக்கிறது. குதிரைக்கு முன்னம் ஆயிரமாயிரம் ஆண்டு இந்த மண்ணில் இருந்த சனத்துக்கு ஒரு கல்லின் அடியில் ஒரு வரி.

போன வருடம் கவுன்சில் தமிழருக்கும் ஒரு கல் தருவதாகச் சொன்னது. அறுபது சொல்லுக்குள் எழுதித் தர வேண்டும். எனக்கு ஒரே ஆசை, அதில் என் மனுசன் சிறீஸ்கந்தராசாவின் பெயர் வர வேண்டும். இந்த ஊருக்கு முதலில் வந்த தமிழன் அவர்தான். படகில் வந்து, காளான் பண்ணையில் வேலை எடுத்து, பின்னால் வந்தவர்களையெல்லாம் எங்கள் வீட்டு ஹோலில் படுக்க வைத்தவர். தற்காலிக விசாவைப் புதுப்பித்துப் புதுப்பித்தே ஒருநாள் நெஞ்சுவலியில் போய்விட்டார்.

ஊர்த் தமிழ்ச் சங்கம் கூடியது. எங்கள் ஆட்களுக்குக் கல் என்றால் கல்யாணக் கார்ட் மாதிரி. தலைமை, முன்னிலை, திறந்து வைப்பவர், உபயம், நன்றியுரை என்று பெயர் போட்டே அறுபது சொல்லும் முடிந்தது. என் மனுசனின் பெயர் எங்கே என்று கேட்டேன்.

"இடம் காணாது அக்கா," என்றார் தலைவர் தேவராஜா. எங்கள் ஹோலில் மாசக்கணக்கில் படுத்தவர்.

செயலாளர் நரசிம்மன் ஐடி வேலைக்கு விமானத்தில் வந்தவர். "போட்ல வந்தவர்னு போட்டா நல்லா இருக்காதுங்க. நம்ம எல்லாரையும் அப்படி நினைச்சுடுவாங்க," என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

கவுன்சில் அந்த அறுபது சொல்லையும் திருப்பி அனுப்பியது. உயிரோடு இருப்பவர் பெயரைக் கல்லில் போடுவதில்லையாம். தங்கள் பெயர் இல்லாத கல்லைச் சங்கம் என்ன செய்யும்? "எங்களுக்கு விளம்பரம் தேவையில்லை" என்று பெருந்தன்மையாகக் கைவிட்டார்கள். நான் நேரே கவுன்சிலுக்குப் போனேன். மகள் தாரகா இங்கிலீஷில் எழுதித் தந்தாள். படகு என்ற சொல்லை முதல் வரியிலேயே போட்டோம்.

திறப்பு விழாவுக்கு முழுச் சங்கமும் வேட்டி சால்வையோடு வந்து, படம் எடுக்கக் கல்லுக்கு முன்னால் நின்றது. கல்லைக் காணோம். "கொஞ்சம் தள்ளுங்கோ, அவர் மறையிறார்," என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தள்ளினார்கள்.

தேவராஜா காதோடு கேட்டார்: "அக்கா, அடுத்த கல்லு எப்ப குடுப்பினமாம்?"

"நீங்கள் செத்தாப் பிறகு," என்றேன்.

மேயர் அம்மா என் கையைப் பிடித்து, இது உங்கள் கணவரின் ஊர் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். உயிரோடு இருக்கையில் 'நீ இங்கேயே இரு' என்று அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. செத்த பிறகு சீமெந்து போட்டு நட்டுவிட்டார்கள். எனக்கு ஆத்திரத்தில் அழுகை வந்தது. என் விசா அடுத்த மாதம் முடிகிறது.