பூவாத்தாள் கடித்த கடி

என் தங்கச்சி பூவாத்தாளைக் கொன்றவனைப் பற்றி நல்லூரில் படம் எடுக்கிறார்கள் என்று காத்தூன் பீவிதான் சொன்னாள். கம்பெனியில் செக்கிங் டேபிளில் எனக்கு எதிரே நிற்கிறவள் அவள். பனியனில் ஓட்டை பார்க்கிற கண்ணை எடுக்காமலே சொன்னாள்.

"பேய்ப் படமாம். செத்த ஆறு பேரும் பேயா வந்து அவனைத் தொரத்துறாங்களாம். ஞாயித்துக்கிழமை நடிக்கப் பொம்பளை ஆளு வேணுமாம். சோறு போட்டு பஸ்சுக்கும் குடுப்பாங்களாம். போலாமா வேண்டாமான்னு நீ சொல்லு."

"போலாம்."

"நெசமாவா சாமியாத்தா?"

"நான் போகாட்டி வேற எவளோ வந்து பூவாளாட்டம் செத்துக் காட்டுவா. நானே போறேன்."

அவன் பேரை நான் எழுதப் போவதில்லை. மற்றவர்கள் எழுதினதே போதும். ஷிப்ட் முடிந்து தாராபுரம் ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கிற பெண்களை மொபெட்டில் ஏற்றிக்கொண்டு போவான். கழுத்தில் கிடப்பதைக் கழற்றிக்கொண்டு கழுத்தை நெரித்துவிடுவான். ஐந்து பேரைக் கொன்றும் அவன் மேல் ஒரு கீறல் விழவில்லை. ஆறாவது என் தங்கச்சி. வாயைப் பொத்தின கையில் கட்டைவிரலைக் கடித்துக் குதறிவிட்டாள். விரல் சீழ் வைத்து, நாய் கடித்ததென்று சொல்லி அவன் வைத்தியத்துக்குப் போனான். அங்கே டாக்டர் பார்த்துவிட்டு, இது நாய்க்கடி இல்லை, மனுசப் பல்லு என்று போலீசுக்குச் சொல்லியனுப்பினார். அப்படித்தான் அகப்பட்டான். கோர்ட்டில் டாக்டர் சொன்னதை நான் பெஞ்சில் உட்கார்ந்து என் காதால் கேட்டேன்.

அப்போது எனக்கு எழுத்துத் தெரியாது. நாற்பது தாண்டித்தான் எழுத்துக் கூட்டக் கற்றேன். கற்ற பிறகு அந்தக் கேஸைப் பற்றிக் கண்ணில் பட்டதையெல்லாம் படித்தேன். தனிப்படை பிடித்தது, அதிகாரி பிடித்தார் என்று இருந்தது. பூவாளைப் பற்றி அழுதாள், கெஞ்சினாள், செத்தாள் என்றுதான் இருந்தது. அவள் கடித்ததை எவரும் எழுதவில்லை. படத்திலாவது அவள் கடிக்கவேண்டும். அதற்காகத்தான் போனேன்.

பனியன் துணி பின்னுகிற, சுரேஷ் என்பவரின் நிட்டிங் ஷெட்டில் ஷூட்டிங். ஆர்டர் இல்லாமல் மெஷினெல்லாம் சும்மா நின்றது. படத்துக்குப் பணம் போடுகிறவர் அவர். கொலைகாரனைப் பிடிக்கிற இன்ஸ்பெக்டராக நடிக்கிறவரும் அவரே. கஞ்சி போட்ட காக்கிச் சட்டையில் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தார், மடிப்புக் கலைந்துவிடுமாம். டைரக்டர் பிரதீப் ஏற்றுமதிக் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர், ஞாயிறு மட்டும் டைரக்டர். பட்டப்பகலில் ராத்திரி வேண்டும் என்று ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி ரோலை விரித்து அடித்திருந்தார்கள். புகைக்குச் சாம்பிராணி. துணி ரோல் தள்ளுகிற டிராலியில் கேமராவோடு ஒரு ஆள் குந்தியிருந்தார், இன்னொருத்தர் தள்ளினார்.

கொலைகாரனாக நடிக்க வந்தவர் மகுடேஸ்வரன், துணியை அழுத்தித் தேய்க்கிற காம்பாக்டிங் மெஷின் ஓட்டுகிறவர். மீசையை முறுக்கி, கண்ணுக்குக் கீழே மையைத் தீற்றிக்கொண்டு வந்து, "ஏனுங்கக்கா, நின்னுட்டே இருக்கறீங்க? இந்த ஸ்டூல்ல உக்காருங்க," என்றார்.

காத்தூன் பீவி என் காதில், "இவரு கொல்ற ஆளாட்டமா இருக்காரு? டீ வாங்கிட்டு வரச் சொன்னா வாங்கிட்டு வந்துருவாரு," என்றாள்.

ஆறாவது பெண்ணாக நடிப்பதை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். பிரதீப் எனக்குக் காட்சியைச் சொல்லிக்கொடுத்தார். "அவரு வாயைப் பொத்துவாருங்க. நீங்க கண்ணாலயே கெஞ்சோணும். கையெடுத்துக் கும்புடோணும். அப்பறம் அப்படியே சரிஞ்சு உழுந்தரணும். அவ்வளவுதானுங்க."

"கண்ணு, அவ கும்புடலை. விரலைக் கடிச்சா. அதை வெச்சுத்தான் அவனைப் புடிச்சாங்க. அதை வெச்சுக்க."

"அப்படிங்களா?" என்று பிரதீப் கொஞ்சம் யோசித்தார். அதற்குள் சுரேஷ் வந்துவிட்டார்.

"ஏம்மா, கடிச்சதுலயே புடிச்சுட்டா நான் எதுக்கு? கிளைமாக்ஸ்ல நான் அவனைத் தொரத்திப் புடிக்கறதுக்கு ஒரு வாரமா ஓடிப் பழகிட்டிருக்கறேன். கதையை மாத்தாதீங்க."

"கதை இல்லீங்க, நடந்தது."

"நடந்ததெல்லாம் எடுக்கறதுக்கு இது கோர்ட்டா? படமுங்க, படம்."

அவள் என் தங்கச்சி என்று நான் சொல்லவில்லை. சொன்னால் பாவப்பட்டு ஒரு காபி வாங்கிக்கொடுத்து என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வேறு ஒருத்தியைக் கும்பிடச் சொல்வார்கள். எனக்குப் பாவம் வேண்டாம், அந்தக் கடி வேண்டும். சொல்லிக் கேட்காதவர்களுக்குச் செய்து காட்டுவது என்று முடிவு செய்துகொண்டு எழுந்து போய் நின்றேன்.

லைட்டைப் போட்டார்கள். சாம்பிராணி கண்ணைக் கரித்தது. மகுடேஸ்வரன் பின்னாலிருந்து வந்து வாயைப் பொத்தினார். பொத்துகிறபோதே, "வலிச்சாச் சொல்லுங்கக்கா," என்றார். அந்தக் கையில் ஆயில் வாசம் அடித்தது. பூவாளுக்கு என்ன வாசம் அடித்ததோ என்று நினைத்தேன். அப்புறம் ஒன்றும் நினைக்கவில்லை. தலையைத் திருப்பிக் கட்டைவிரலைக் கவ்வி, தாடையை இறுக்கினேன்.

அவர் போட்ட சத்தத்தில் ஷெட்டின் தகரம் அதிர்ந்தது. "ஐயோ, உடுங்கக்கா! நெசமாலுமே கடிக்கறாங்கப்பா! கட், கட்!"

கட் சொல்லவேண்டிய பிரதீப் சொல்லவில்லை. டிராலி தள்ளுகிறவர் மட்டும் பயந்துபோய்ப் பின்னால் தள்ளிக்கொண்டே போய்ச் சுவரில் முட்டி நின்றார். நானாக விட்டபோது அந்த விரலில் ரெண்டு வரிசைப் பல்லும் பதிந்து, ஓரத்தில் ரத்தம் கசிந்தது.

சுரேஷ் கத்தினார். "பைத்தியமா நீங்க? போலீசுக்குப் போனா என்னாகும் தெரியுமா?"

"போலீசு நீங்கதானுங்களே," என்றாள் காத்தூன் பீவி. "அவளைத் திட்டாதீங்க. அந்த ஆறாவது பொம்பளை இவளோட கூடப்பொறந்தவ."

சுரேஷ் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தார். "மன்னிச்சுக்கங்கம்மா, தெரியாது. ஆனா அதுக்காகக் கதையை மாத்த முடியாதுங்க. பாதிப் படம் எடுத்தாச்சு. இந்த ஷாட்டை மறுபடி எடுப்போம்."

அப்போதுதான் மகுடேஸ்வரன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். அதற்குள்ளாகவே அது நெல்லிக்காய் அளவுக்கு வீங்கியிருந்தது.

"மறுபடி எடுக்கறதுன்னா எடுங்க. ஆனா இனி எல்லா சீன்லயும் இந்த விரல் இருக்குமே. கோயில் சீன்ல இருக்கும். நீங்க என்னைத் தொரத்தற சீன்லயும் இருக்கும். இதென்னடா திடீர்னு வீங்கிக் கெடக்குதுன்னு பாக்கறவன் கேக்க மாட்டானா?"

"வீக்கம் வத்தற வரைக்கும் நிறுத்தி வெப்போம்."

"லைட்டு, கேமராக்காரங்களை இந்த ஞாயித்துக்கிழமை உட்டா அடுத்து எப்போங்க? இனிமே முகூர்த்தம். அவங்க கல்யாண வீடியோ எடுக்கப் போயிருவாங்க," என்றார் பிரதீப். கேமராவில் எடுத்ததைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார். ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடியும் பார்த்தார். எங்களையும் கூப்பிட்டுக் காட்டினார். சின்னத் திரையில் என் முகம் தெரிந்தது, ஆனால் என் முகமாக இல்லை. சின்ன வயதில் பூவாள் ஒரு பிடிவாதம் பிடித்தால் மூக்கு விடைக்கும். அது அங்கே இருந்தது.

"இதைத் தூக்கி எறிய நான் மாட்டேனுங்க," என்றார் பிரதீப். "சுரேஷண்ணா, கேளுங்க. தொரத்தறது அப்படியே இருக்கட்டும். ஆனா எதைப் பாத்துத் தொரத்தறீங்க? டீக்கடையில அவன் டம்ளரைப் புடிக்கறப்ப அந்த விரலைப் பாக்கறீங்க. அது மனுசப் பல்லுன்னு உங்களுக்குத் தெரிஞ்சு போயிருது. அங்கிருந்து ஓடறீங்க."

சுரேஷ் தொப்பியை மாட்டினார். "நானே கண்டுபுடிக்கறேன்ல?"

"நீங்களேதான்."

"சரி, வெச்சுக்க."

டாக்டர் செய்ததை இன்ஸ்பெக்டர் எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொள்ளட்டும். கடித்தது பூவாள்தான், அது போதும்.

மகுடேஸ்வரன் பக்கத்து கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டு வந்தார். அவர் கையைப் பிடித்து, "கண்ணு, உன்னைக் கடிக்கலை, அவனைத்தான் கடிச்சேன்," என்றேன். "வலி எனக்குத்தானுங்களே வருது," என்று சிரித்தார்.

சாப்பாட்டுக்கு அப்புறம் சாகிற ஷாட். தரையில் மல்லாந்து கிடக்கச் சொன்னார்கள். வாரம் பூராவும் டேபிளில் நின்ற காலுக்கு, பகலில் நீட்டிப் படுத்தது சுகமாகவே இருந்தது. கண்ணைத் திறந்தபடி கிடந்தேன். பூவாளைக் கண்டெடுத்தபோதும் அவள் கண் திறந்துதான் இருந்தது. இந்தத் தடவை நான் அழவில்லை. செய்யவேண்டியதைச் செய்துவிட்டுத்தான் அவள் கிடந்தாள் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது.

"கட். சூப்பருங்க. எந்திரிச்சுப் போயறாதீங்க அக்கா," என்று பிரதீப் ஓடி வந்தார். "செத்த ஷாட் எடுத்தா, நடிச்சவங்க கேமராவைப் பாத்து ஒருக்கா சிரிச்சறோணும். சினிமாவுல அது வழக்கம். இல்லீனா ஆகாதுன்னு சொல்லுவாங்க."

காத்தூன் பீவி கைகொடுத்து என்னை எழுப்பி உட்காரவைத்தாள். டிராலியை முன்னால் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

"பல்லுத் தெரியச் சிரிக்கலாமுங்களா?" என்று கேட்டேன்.

"சிரிக்கட்டும், சிரிக்கட்டும்," என்று தூணுக்குப் பின்னாலிருந்து கத்தினார் மகுடேஸ்வரன். "நான் இங்கயே நின்னுக்கறேன்!"

எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தேன்.