சுருளில்லாத காலை

கார்காலம் தன் கனத்த மௌனத்தை ஊரின்மேல் விரித்திருந்தது. மழை ஓய்ந்த விடியலில் கூரைகள் நீர் சொட்டின. வானம் எதையோ சொல்ல நினைத்து மறந்ததுபோல் வெளிறிக் கிடந்தது.

லிஃப்ட் பழுதுபார்க்கும் அவன், ஆசைக்காக மட்டுமே படம் எடுப்பவன். நாட்காட்டி அச்சகத்தார் அவனை நிரந்தரப் புகைப்படக்காரனாகச் சேர்த்துக்கொள்ள முன்வந்திருந்தனர். அதற்கு அன்று நண்பகலுக்குள் புதிய மழைக்காலப் படங்களைக் கழுவி அச்சிட்டுத் தர வேண்டும். பிடித்ததைப் பிழைப்பாக்கலாமா என்று தெளியாமலே, பழைய கேமராவோடு மொட்டைமாடியில் மூன்று மணி நேரம் நின்றான்.

ஒரு பிலிம் சுருளில் முப்பத்தாறு படங்களே அடங்கும். நாற்பதைத் தாண்டியும் கேமரா ஓயவில்லை. ஐயத்தோடு திறந்து பார்த்தான். உள்ளே சுருளே இல்லை.

துணி உலர்த்த வந்த அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். "அடப்பாவி, வெறும் பெட்டியவா கண்ணுல வச்சுக்கிட்டு நின்ன? அச்சகத்துக்கு என்னத்தக் குடுப்ப?"

"தெரியலக்கா. வேலை போச்சேன்னு அழுகை வரணும்ல? வரமாட்டேங்குது. வயிறு நிறைஞ்ச மாதிரி இருக்கு."

"அப்போ அந்த வேலை வேணுமா, வேணாமா?"

"அதான்க்கா புரியல."

மேகம் விலகி ஈரத்தரையில் வெயில் படர்ந்தது. கேமராவை ஓரமாக வைத்துவிட்டு, அந்த ஒளியில் நெற்றி பட விழுந்து வணங்கினான். எதற்கு நன்றி சொல்கிறோம் என்பது அவனுக்கே விளங்கவில்லை.

அக்கா சிரிப்பை அடக்கி, குனிந்து அவன் தலையில் கைவைத்தாள்.

"நல்லா இருடா."