கறிக்கடைக்காரரின் கடைவாய்ப்பல்

கறிக்கடைக்காரரின் முதல் பல் விழுந்த மதியம், அது சாப்பாட்டு மேசையைத் தாண்டிப் போய் அவருடைய மைத்துனரின் கன்னத்தைக் கடித்தது. கீழ்வரிசை முன்பல். "மாமா வாயைத் திறந்தா ஈகூட கிட்ட வராது" என்று சொல்லிவிட்டு, தன் பேச்சுக்குத் தானே சிரித்துக்கொண்டிருந்தார் மைத்துனர். பல் கன்னத்தைத் துளைத்து, கடலை அளவுக்குச் சதையைப் பிய்த்துக்கொண்டு தட்டில் விழுந்தது. மைத்துனரும் அவருடைய அக்காவான கறிக்கடைக்காரரின் மனைவியும் அலறினார்கள். கறிக்கடைக்காரர் மட்டும், பல் இருந்த இடத்தை நாக்கால் தடவிப் பார்த்துவிட்டு மிச்சச் சாப்பாட்டைச் சாப்பிட்டார். அவருக்கு அந்தக் கடி பிடித்திருந்தது.

அதற்கு முன்பு நடந்ததெல்லாம் எந்த வீட்டிலும் நடக்கக்கூடியதுதான். பல் துலக்கும்போது ஈறில் இரத்தம் கசிந்தது. நாள் முழுக்க வெட்டுக்கத்தியோடு நிற்கிறவருக்கு அது ஒரு விஷயமா? பிரஷ் குத்துவதால்தான் இரத்தம் வருகிறது என்று முடிவுகட்டி, பிரஷ்ஷைத் தூக்கி எறிந்தார். ஈறு வீங்கியது, சீழ் கசிந்தது, பல் ஒவ்வொன்றும் சதையிலிருந்து விலகி நீளமாகத் தெரிய ஆரம்பித்தது. கறி வாங்க வந்தவர்கள் ஓரடி தள்ளி நின்று பேசினார்கள். வலி மட்டும் இல்லவே இல்லை. வலித்திருந்தால் அந்த வருடமே வைத்தியம் பார்த்திருப்பார், இந்தத் தெருவும் பிழைத்திருக்கும்.

மைத்துனர் கன்னத்தில் தையலோடு ஊருக்குப் போன பிறகு, மனைவி அவரை இழுக்காத குறையாகப் பல் மருத்துவரிடம் கூட்டிப்போனார். மருத்துவர் நடுத்தர வயதுப் பெண்மணி, அதட்டிப் பேசுகிறவர். பல்லில் படிகிற அழுக்கு கல்லாக இறுகி ஈறுக்குள் இறங்கியிருப்பதையும், அங்கே கிருமிகள் குடியேறி, பல்லைத் தாங்குகிற எலும்பு கரைந்துகொண்டிருப்பதையும் எக்ஸ்ரேயில் காட்டினார். கேட்டு முடித்தவர் ஒரே ஒரு சந்தேகம் கேட்டார்.

"மத்த பல்லும் சீக்கிரமா விழணும்னா என்ன செய்யணும்?"

மருத்துவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "இப்ப செய்றதையே செய்ங்க" என்றார்.

அவர் அதையே செய்தார். கூடவே சிகரெட்டையும் இரண்டு மடங்காக்கினார். அடுத்து வந்த வருடங்களில் சந்தைக் காவலாளி கட்டைவிரலை இழந்தார். தண்ணீர் லாரி ஓட்டுநர் வழிவிடாமல் ஹாரன் அடித்ததற்கு, ஒரு கோரைப்பல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு போய் அவர் முழங்காலில் இறங்கியது. எந்தப் பல் எப்போது விழும் என்று யாருக்கும் தெரியாது, ஆனால் விழுகிற நேரத்தில் அவர் யார்மேல் கோபமாக இருக்கிறாரோ அவரைத்தான் கடிக்கும். கோபம் எவ்வளவோ அவ்வளவு ஆழம். தெருவில் எல்லோரும் இதைப் புரிந்துகொண்டார்கள். அவர் கன்னத்தில் கை வைத்தால் கடைகளின் ஷட்டர் இறங்கியது. காவல் நிலையத்திலிருந்து வந்தவர், பல்லை ஆயுதம் என்று எழுத எந்தப் பிரிவிலும் இடமில்லை என்று சொல்லி, எலும்பில்லாத கறியாகப் பார்த்து வாங்கிக்கொண்டு போனார்.

எதிர்க்கடைக்காரரும் கறிதான் விற்றார். ஒரு காலையில் அவர் கடையில் கூட்டம் நிற்பதைப் பார்த்துக் கறிக்கடைக்காரர் தாடையை இறுக்கினார். கடைவாய்ப்பல் ஒன்று வேரோடு கழன்று தெருவைக் கடந்து போனது. முன்பல்லும் கடைவாய்ப்பல்லும் ஒன்றல்ல. அது எதிர்க்கடைக்காரரின் கழுத்தில் நுழைந்து மறுபக்கம் வந்தது. அவர் தன்னுடைய வெட்டுக்கட்டை மேலேயே கவிழ்ந்து, காலை வெயில் ஏறுவதற்குள் செத்துப்போனார். அவருடைய இரத்தமும் ஆட்டு இரத்தமும் ஒரே சாக்கடையில் ஓடின.

தெருவே வாயைப் பொத்திக்கொண்டு நின்றபோது, கறிக்கடைக்காரரின் மகள் படியிறங்கி வந்தாள். தையல் கடையில் வேலை செய்கிறவள், சத்தமாகப் பேசியே அறியாதவள்.

"எங்கப்பாதான் கொன்னாரு. வேணும்னேதான் பல்லை அழுக விட்டாரு. எல்லாருக்கும் தெரியும், ஒருத்தரும் சொல்லல. நான் சொல்றேன்" என்றாள்.

கறிக்கடைக்காரர் வெட்டுக்கத்தியை எடுத்துக்கொண்டு வந்தார். மனைவி குறுக்கே விழுந்தார். கத்தியின் பிடி மனைவியின் நெற்றியைக் கிழித்தது. மகள் அம்மாவுக்குக் கட்டுப் போட்டுவிட்டு, மாற்றுத்துணியோடு வீட்டை விட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் முகம் கழுவும்போது, இன்னொரு கடைவாய்ப்பல் ஆடுவது அவர் நாக்கில் தட்டுப்பட்டது. இது யாரிடம் போகும் என்று யோசித்தவர் விரலால் பல்லை அழுத்திப் பிடித்துக்கொண்டார். அவருக்கு இப்போது எதிர்க்கடைக்காரர்மேல் கோபம் இல்லை, செத்தவர்மேல் என்ன கோபம்? மகள்மேல்தான் நெஞ்சு கொதித்தது. அத்தனை பேர் முன்னால் அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் காதில் நின்றது. அந்த மகளைத் தோளில் உட்காரவைத்துச் சந்தை முழுக்கச் சுற்றியதும் அதே நெஞ்சில்தான் இருந்தது.

பல் மருத்துவமனை திறப்பதற்கு முன்பே வாசலில் நின்றார். மருத்துவர் ஈறுக்கு அடியில் கருவியை விட்டுக் கல்லைச் சுரண்டினார். கிண்ணம் நிறைய இரத்தமும் கறுப்புத் துணுக்குகளும் விழுந்தன. "கரைஞ்ச எலும்பு வராது. இருக்கறதைக் காப்பாத்தலாம்" என்றார். மென்மையான பிரஷ், பல்லிடுக்குக்கு நூல், மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுத்தம், சிகரெட் கூடவே கூடாது. பிரஷ் பட்டு இரத்தம் வந்தால் அது துலக்காததால் வருகிற இரத்தம், நிறுத்தாமல் துலக்க வேண்டும். அவர் எலும்பு வெட்டுகிற மும்முரத்தோடு துலக்கி ஈறைக் கிழித்துக்கொண்டு, மெதுவாகத் துலக்கச் சொல்லித் திட்டு வாங்கினார். மற்ற பற்கள் இறுகின, இரத்தம் நின்றது. அந்த ஒரு கடைவாய்ப்பல் மட்டும் தேறவில்லை. தானாக விழுந்தால் எந்த நேரத்தில் விழுமோ, நாமே பிடுங்கிவிடலாம் என்றார் மருத்துவர். கோபம் தணியட்டும் என்று அவர் வாரக்கணக்கில் தள்ளிப்போட்டார். கோபம் தணிகிற வழியாக இல்லை.

மனைவி மகளிடம் விஷயத்தைச் சொல்லி, வெளியூருக்குப் போய்விடச் சொன்னார். மகள் போகவில்லை. பல் பிடுங்குகிற அன்று நேராக மருத்துவமனைக்கு வந்து, நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றாள். மரத்துப்போன வாயோடு அவர் கையை வீசி அவளைத் துரத்தினார், எழுந்திருக்கப் பார்த்தார். மருத்துவர் அவர் மார்பில் முழங்கையை ஊன்றி அழுத்தினார்.

"எவ்ளோ கோபம்னு பார்த்துடலாம் டாக்டர், பிடுங்குங்க" என்றாள் மகள்.

இடுக்கி பல்லைப் பிடித்துத் திருகியது. கடைவாய்ப்பல் இரத்தத்தோடு எகிறி அவள் கழுத்துக்குப் போனது. அவள் கண்ணை மூடவில்லை. கழுத்தருகே போய் அது ஒரு கணம் நின்றது, மேலே ஏறியது, காது மடலின் நுனியைக் கடித்துப் பிய்த்துக்கொண்டு தரையில் விழுந்தது. தோளெல்லாம் இரத்தம். அவள் காதைத் தொட்டுப் பார்த்தாள், விரலைப் பார்த்தாள்.

"இவ்ளோதானாப்பா?" என்றாள்.

வாய் நிறையப் பஞ்சோடு அவர் தேம்பித் தேம்பி அழுதார். மருத்துவர் அதே பஞ்சுச் சுருளிலிருந்து இன்னொரு துண்டைக் கிழித்து மகளின் காதில் வைத்து, இரண்டு பேரையும் அழுத்திப் பிடிக்கச் சொன்னார். பல்லை இடுக்கியால் எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டார். அது கொஞ்ச நேரம் தகரத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தது. வெளியே காத்திருந்த அடுத்த ஆளை உள்ளே வரச் சொன்னார்.