சாமிக்குத் தெரியாத விரதம்

1

“நீதான் சொல்லணும்.”

“விரதம்னு சொன்னது நீ, நான் எதுக்குச் சொல்ல, எனக்கென்ன—”

“நான் சொல்லயில வாயப் பொத்திக்கிட்டு இருந்தது யாரு?”

“நான் எங்க இருந்தேன், ரேஷன் கடை வரிசையில நின்னுக்கிட்டு—”

“ரேஷன் கடை, ரேஷன் கடை. அங்கயே குடியிருந்துக்க.”

“மெல்லப் பேசு. பிள்ள முழிச்சிரப் போறா.”

“முழிக்கட்டும். முழிச்சா நீயே சொல்லிரு.”

இவ்வளவுதான் எனக்குக் கிடைத்தது. போடியிலிருந்து தேவாரம் போகிற பஸ்ஸில், பின்சீட்டிலிருந்து. நான் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குக் கதை காது வழியாகத்தான் வரும். முகத்தைப் பார்த்துவிட்டால் அந்த முகத்துக்கு மரியாதை செய்யத் தொடங்கிவிடுவேன், பேச்சு நின்றுபோகும். சிலமலையில் இறங்கிவிட்டார்கள். ஜன்னல் வழியே தெரிந்தவை மூன்று முதுகுகள். நடுவில் பள்ளிச் சீருடையில் ஒரு பெண்பிள்ளை, கையில் ஆஸ்பத்திரி மாத்திரைக் கவர்.

என்ன விரதம்? யாரிடம் எதைச் சொல்ல வேண்டும்? அவர்கள் சண்டை அவர்களோடு இறங்கிப் போய்விட்டது. இனி வருவதெல்லாம் நான் கட்டியது. நீங்களும் கூடவே இருங்கள். எங்கே ஒழுகுகிறது என்று பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

2

முதலில் பெயர்கள். அம்மா மருதாயி. அப்பா அழகுமலை. பிள்ளை கார்முகில், ஏழாம் வகுப்பு. மழை தள்ளிப்போன வருஷத்தில் அந்தப் பெயர் கொஞ்சம் அதிகப்படிதான். ஆனால் அழகுமலை ஆசையாக வைத்தது, மாற்ற விடமாட்டான்.

தொடக்கத்தை இப்படி எழுதினேன்:

பசி என்பது ஒரு

அடித்துவிட்டேன். அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத சொல் அது. அவர்கள் சொல்லாததை நான் முதல் வரியிலேயே சொன்னால் விருந்துக்குப் போன இடத்தில் பரணை எட்டிப்பார்த்த மாதிரி.

இன்னொன்று:

அழகுமலை அன்றைக்கும் குடித்துவிட்டுத்தான்

இதுவும் வேண்டாம். பஸ்ஸில் கேட்ட குரலில் சாராயம் இல்லை. இப்படிப்பட்ட கதையில் அப்பன் குடிகாரனாக இருந்தால் எழுதுகிறவருக்கு வசதி. குற்றத்தைக் கொண்டுபோய் இறக்கிவைக்க ஓர் இடம் கிடைத்துவிடும். என் அழகுமலை போடியில் ஏலக்காய்க் கடையில் மூட்டை தூக்குகிறவன். மலையில் காய் இல்லை, அதனால் கடையில் மூட்டை இல்லை, அதனால் அவனுக்குச் சோலி இல்லை. அவன் பேரில் வேறு புகார் கிடையாது.

3

மருதாயி சிலமலையிலிருந்து விடியுமுன் ஜீப்பேறி, போடிமெட்டுத் தாண்டி ஏலக்காட்டுக்குப் போகிறவள். இந்நேரம் காயெடுப்புத் தொடங்கியிருக்க வேண்டும். மழை வரவில்லை. களை வெட்டக் கொஞ்சம் ஆள் போதும் என்று கங்காணி சொல்லிவிட, பல நாள் ஜீப் அவள் தெருவில் ஹாரன் அடிக்காமலே போயிற்று. ரேஷன் அரிசி மாதம் முடிவதற்குள்ளேயே பானையின் அடியைக் காட்டத் தொடங்கிவிட்டது.

காட்டில் மதியம் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்துதான் தூக்குவாளியைத் திறப்பார்கள். ஆளுக்கொரு குழம்பு, எல்லாக் குழம்பும் எல்லாருக்கும். கொண்டுவராதவளுக்கும் ஆளுக்கொரு கை சோறு விழும். அதில் குறை வைக்கமாட்டார்கள். ஆனால் மறுநாள் அவள் கொண்டுவர வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை மருதாயி பாலில்லாத கட்டன்சாயா டம்ளரோடு வட்டத்துக்கு வெளியே உட்கார்ந்தாள்.

“என்னடி மருதாயி, வாளி எங்க?” என்றாள் ராமுத்தாய்.

“இன்னைக்கு விரதம்க்கா.”

தானாக வந்த சொல். வந்த பிறகு அவளுக்கே பிடித்துப்போயிற்று. யாரும் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. “அப்படியே எம்மகளுக்கு ஒரு மாப்ள அமையணும்னு சேத்து வேண்டிக்கடி ஆத்தா,” என்று மட்டும் சொன்னாள் ராமுத்தாய். அடுத்த வாரம் இன்னொருத்தி தன் மூட்டுவலியைக் கொண்டுவந்தாள். விரதக்காரி நெரிபடக் கூடாது என்று ஜீப்பில் முன்சீட்டைக் கொடுத்தார்கள். [இந்த முன்சீட்டு கதைக்குத் தேவையா என்றால் தேவையில்லை. எடுக்கமாட்டேன். மருதாயிக்கு இந்த வருஷம் கிடைத்த ஒரே சுகம் அது.]

வெள்ளியோடு செவ்வாயும் சேர்ந்தது. பிறகு திங்கள்.

“திங்க சிவனுக்கு, செவ்வா முருகனுக்கு, வெள்ளி அம்மனுக்கு,” என்று அழகுமலை ஒரு நாள் விரலை மடக்கினான். “புதங்கெழம எந்தச் சாமியும் சும்மா இல்லையா?”

“இருந்தாச் சொல்லு, சேத்துக்கிறேன்.”

சிரித்தான். சிரித்துவிட்டு, கடையிலேயே சாப்பிட்டாயிற்று என்று சொல்லிப் பானைப் பக்கம் வராமல் பாயை விரித்தான். கடை அன்றைக்குத் திறக்கவே இல்லை என்பது மருதாயிக்குத் தெரியும். அவள் கேட்கவில்லை. அவன் அவளுடைய சாமிகளைப் பற்றித் துருவிக் கேட்காமல் விட்டதற்கு இது சரியாகப் போயிற்று.

பிள்ளையின் தட்டு மட்டும் நிறைந்தது. அதற்காகத்தான் இத்தனை சாமியும்.

4

“எதுக்கும்மா இத்தன நாள் விரதம்?”

கார்முகில் கேட்டபோது மருதாயி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். பிள்ளை பள்ளிக்கூடத்துக் கோகோ அணியில் ஓடுகிறவள். அவளைத் தொடுவதற்குள் எதிரணிக்கு மூச்சு வாங்கிவிடும். ஆடியில் போட்டி. வாய்க்கு அதுதான் வந்தது.

“நீ கோகோவுல செயிக்கணும்னுதான்.”

* இங்கேதான் ஒழுகுகிறது, கவனித்தீர்களா? சாமியோடு நிறுத்தியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. பிள்ளையைச் சேர்த்துவிட்டாள். ஆனாலும் இந்த வரியை என்னால் மாற்ற முடியவில்லை. சொந்த வயிற்றைப் பற்றிப் பொய் சொல்லும்போதுகூட ஒரு தாய்க்குப் பிள்ளை பெயர்தான் வாயில் வருகிறது.

அம்மா எனக்காகப் பட்டினி கிடக்கும்போது நான் மட்டும் எப்படித் தின்பது? கார்முகிலின் கணக்கு இவ்வளவு நேரானது. அம்மாவின் விரத நாட்களில் அவளும் பள்ளிக்கூடத்துச் சத்துணவைத் தொடவில்லை. முட்டையை யார் கேட்டாலும் கொடுத்துவிட்டாள். வெளியே சொன்னால் பலிக்காது என்று வீட்டில் மூச்சுவிடவில்லை. இரவில் மட்டும் தட்டைக் காலி செய்தாள். ஆக, அரிசி இல்லாத வீட்டுக்குப் பயந்து மருதாயி கட்டிய பொய், அரிசி இருக்கிற இடத்துக்கும் போய்ப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டது.

5

சாப்பாடு குறைந்தால் ஒரு பிள்ளையின் உடம்பு எதை முதலில் மிச்சம் பிடிக்கும்? படிப்பை இல்லை, பேச்சை இல்லை. விளையாட்டைத்தான். யாரும் சொல்லிக்கொடுக்காமலே பிடிக்கும். துள்ளிப் போனவள் நடந்து போனாள். நடந்து போனவள் வழியில் புளியமரத்தடியில் உட்கார்ந்து போனாள். சாயங்காலம் பிள்ளைகள் வந்து கூப்பிட்டால், “நீங்க ஆடுங்க, நான் பாத்துக்கிட்டு இருக்கேன்,” என்றாள்.

தெருவே மெச்சியது. “ஒம்மக இப்ப எம்புட்டு அடக்கமாயிட்டா மருதாயி.” மருதாயிக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

(அந்தப் பெருமையை எழுதத்தான் எனக்கு மனசு வரவில்லை. ஆனால் அது இருந்திருக்கும்.)

ஒரு செவ்வாய்க்கிழமை, பயிற்சியில் ஓடிக்கொண்டிருந்தவள் கோட்டைத் தாண்டுமுன்னே மடங்கி விழுந்தாள். விளையாட்டு டீச்சர் தண்ணீர் தெளித்து உட்காரவைத்தார்.

“என்ன சாப்பிட்ட?”

“விரதம் டீச்சர்.”

“ஏழாவது படிக்கிற பிள்ளைக்கு என்ன விரதம்? யாருக்காக?”

“எனக்காகத்தான் டீச்சர். நான் செயிக்கிறதுக்கு.”

டீச்சர் கூட்டிப்போன போடி ஆஸ்பத்திரிக்கு மருதாயியும் அழகுமலையும் ஓடி வந்தார்கள். ரத்தம் குறைவு என்றார்கள். மாத்திரை, கீரை, முட்டை. டீச்சர் வாசலில் வைத்துத் தன்மையாகத்தான் சொன்னார்: “நல்லாச் சாப்பிட்டுத் தேறி வரட்டும். அதுவரைக்கும் ஓட விடமாட்டேன். போட்டிக்குள்ள தேறலன்னா வேற பிள்ளையத்தான் போடணும். எனக்கும் மனசில்ல, ஆனா மறுபடி விழுந்தா?”

டீச்சர் சொல்லித்தான் பெற்றவர்களுக்கே பிள்ளையின் விரதம் தெரிந்தது. அப்புறம் அந்த பஸ்.

6

“சாமி கனவுல வந்து போதும்னு சொல்லிருச்சுன்னு சொல்லு. முடிஞ்சுச்சு சோலி.”

“சாமி போதும்னு சொல்லி, அடுத்த வாரம் அரிசி தீந்தா? எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு மறுபடி விரதம்பேன்?”

“அப்ப நெசத்தச் சொல்லு.”

“சொன்னா நாளையில இருந்து பானைய எட்டிப் பாத்துட்டுத்தான் தட்டுல கை வப்பா. ராத்திரி ஒரு வேளையாச்சும் இப்ப சந்தோசமாத் திங்கிறா. அதையும் கெடுக்கவா?”

“ஆத்தா, நீ வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்.”

“படிச்சிருந்தா ஒன்னையவா கட்டியிருப்பேன்.”

பிள்ளை முழித்துவிடக் கூடாதே என்று இரண்டு பேரும் வாய்க்குள்ளேயே சிரித்தார்கள். நடுவில் கார்முகில் அம்மா மடியில் தலைவைத்துத் தூங்கினாள்.

தூங்கினாளா? இங்கே எனக்கு அவள்மேல் சந்தேகம் வந்துவிட்டது. அந்த வீட்டில் இரவுப் பானையைக் கழுவுகிறவள் கார்முகில். எவ்வளவு வெந்தது என்பது சமைத்தவளுக்கு அடுத்தபடியாகக் கழுவுகிறவளுக்குத்தான் தெரியும். அப்படியானால் முதலிலேயே தெரியுமா? தெரிந்துகொண்டேதான் விரதத்தை நம்பினாளா? நம்பிக்கொள்ள அது நன்றாக இருந்ததா? மூன்று தரம் எழுதிப் பார்த்தேன், மூன்று தரமும் அவள் கண்ணைத் திறக்கவில்லை. விட்டுவிட்டேன்.

7

முடிவுக்கு வரவேண்டும்.

மறுநாளே மழை பிடித்து, காய் திரண்டு, ஜீப் வாசலில் நின்று ஹாரன் அடிக்கிறது. எனக்கும் ஆசைதான். ஆனால் நான் எழுதினால் மழை பெய்யுமென்றால் இந்தக் கதையே வேண்டியதில்லை.

அல்லது, மருதாயி காட்டில் வட்டத்துக்கு நடுவே நின்று நிசத்தைச் சொல்லிவிடுகிறாள். ராமுத்தாய், “அடிப்பாவி, அப்ப எம்மக மாப்ள?” என்கிறாள், கேட்டுக்கொண்டே தன் தூக்குவாளியை இவள் பக்கம் நகர்த்துகிறாள். இது நடக்கக்கூடியது. நடந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள், எனக்கும் நிம்மதி. ஆனால் அது மலைமேல் ஒரு வேளை. சிலமலையில் வீட்டுப் பானை அப்படியேதான் இருக்கிறது.

ஆகவே அந்தச் சாயங்காலத்துக்கே போகிறேன். பஸ் இறங்கி வந்தாயிற்று. அழகுமலை எங்கேயோ போய் இரண்டு முட்டையோடு வந்து, அவித்து, உரித்தும் வைத்துவிட்டான். அடுப்பிலிருந்து பானையை இறக்கி வைத்த மருதாயி, பிள்ளை முகத்தைப் பார்க்காமல் ஆரம்பித்தாள்.

“கார்முகிலு, சாமி வந்து போதும்னு சொல்லிருச்சு. இனிமே விரதமெல்லாம் கெடையாது. எனக்கும் இல்ல, ஒனக்கும் இல்ல. பள்ளிக்கூடத்துல போட்டதத் தின்னுட்டு வரணும், என்ன?”

“எங்க வந்துச்சு?”

“கனவுல.”

“நீ எப்பம்மா தூங்குன? பஸ்சுல நாந்தானே தூங்குனேன்.”

வாசலில் அழகுமலை இருமினான். மருதாயி அவனைப் பார்த்தாள். அவன் தெருவைப் பார்த்தான். கார்முகில் எழுந்து மூன்று தட்டுகளை எடுத்து வந்து வரிசையாக வைத்தாள்.

“அப்பா, கடையில தின்னுட்டேன்னு சொல்லாம வந்து உக்காரு, வெரசா.”

அவன் வந்து உட்கார்ந்தான். கார்முகில் பானை மூடியைத் திறந்தாள். ஆவி அடங்கும்வரை உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள். அகப்பையை எடுத்தாள்.

இதற்குமேல் ஒரே ஒரு குரல்தான் எனக்குக் கேட்கிறது. மருதாயி என்ன சொன்னாள் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், வரவில்லை. உங்களுக்குக் கேட்டால் நீங்களே கீழே எழுதிக்கொள்ளுங்கள். பிள்ளை அகப்பையைப் பிடித்தபடி கேட்டது இதுதான்:

“விரதந்தான் முடிஞ்சிருச்சுல்லம்மா, ஒனக்கு எம்புட்டுப் போட?”