தளராத வளையம்

என் வீட்டுக்காரரும் நானும் ஒரே ஆய்வுக்கூடத்தில் வேலை. நான் மருந்து செய்கிறவள். அவர் எலிக் குடலில் மருந்து சோதிக்கிறவர். குடல் என்றால் முதல் வேலை உள்ளே அலசுவது. வருஷக்கணக்காக அலசி அலசி அது கையோடு ஊறிவிட்டது.

அன்று ரத்தக்குழாய் சோதிக்கும் பெண் லீவு. "நான் இருக்கேன்ல, ஏன் மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கே?" என்று இவர் முன்வந்தார். நான் செய்த புது மருந்தில் கடைசிச் சிட்டிகைதான் மிச்சம். அது இறுகிய குழாயைத் தளர்த்திக் காட்டினால்தான் மேலும் செய்ய இயக்குநர் அனுமதிப்பார்.

எலியின் ரத்தக்குழாயில் வெட்டிய வளையத்தை வெதுவெதுப்பான உப்புநீரில், இரண்டு கொக்கிகளுக்கு நடுவே மாட்டினார். முதலில் இறுக்கும் மருந்து. திரையில் இறுக்கத்தைக் காட்டும் கோடு ஏறியது. பிறகு என் மருந்து முழுவதும். கோடு இறங்கவே இல்லை. அழுகையை அடக்கிக்கொண்டு முகம் கழுவப் போனேன்.

திரும்பி வந்தபோதுதான் பொறி தட்டியது. "மாட்டுறதுக்கு முன்னாடி வளையத்தை என்ன செஞ்சீங்க?"

"உள்ள ரத்தம் உறைஞ்சிருந்துச்சு. கம்பிய விட்டுப் பளிச்சுனு எடுத்துட்டேன்."

குழாயின் உட்புறம் மெல்லிய படலம் ஒன்று உண்டு. அது இருந்தால்தான் என் மருந்து வேலை செய்யும். மனுஷர் அதைச் சுரண்டித் தள்ளியிருக்கிறார்! சொன்னதும் அவருக்குப் பேயறைந்த முகம். வளையத்தைச் சோதித்தால் படலம் போனது தெரிந்துவிடும். ஆனால் நான் வருவதற்குள் எல்லாவற்றையும் கழுவிக் கவிழ்த்து, வளையத்தைத் திசுவையே கரைத்துவிடும் ப்ளீச்சில் போட்டிருந்தார்.

இயக்குநர் அம்மா வந்து கோட்டைப் பார்த்தார்.

"மேடம், தப்பு என்னோடது. நான்தான் உள்ள சுரண்டிட்டேன்."

"இவ்வளவு அனுபவம் உள்ளவர் நீங்க செய்வீங்களா? சரி, வளையத்தக் காட்டுங்க."

இவர் ப்ளீச் வாளியைக் காட்டினார். அம்மா சிரித்துவிட்டார். நானும் எடுத்துச் சொன்னேன். அது இன்னும் மோசமாகப் போயிற்று. இருவரும் பேசி வைத்துக்கொண்டோம் என்றே நினைத்தார்.

"உனக்காகப் பழிய ஏத்துக்கறாரு பாரு. இப்படி ஒரு புருஷன் கிடைக்கக் கொடுத்து வெச்சிருக்கணும்மா," என்று என் தோளைத் தட்டிவிட்டு, மருந்தைக் கைவிடச் சொல்லிப் போனார்.

வீட்டு வாசலில் இவர், "என்னைத் திட்டித் தொலையேன்," என்றார். திட்ட வாய் வரவில்லை. உண்மையைத்தானே சொன்னார், பாவம். என் மருந்து வேலை செய்திருக்குமா? அது இனி எனக்கே தெரியப்போவதில்லை.