காணாமல் போன செம்பு

என் தங்கை கணவர் மேலாளராக இருக்கும் செப்புத் தாது ஆலையில் ஓர் அதிசயம் நிகழ்ந்தது. புது இயந்திரம் எதுவும் வரவில்லை. ஒரு திருகாணியைக்கூட யாரும் முடுக்கவில்லை. ஆனாலும் தாதுவிலிருந்து பிரித்தெடுக்கும் செம்பு எண்பது விழுக்காட்டிலிருந்து தொண்ணூற்றைந்துக்குத் தாவியது. அதிசயத்தில் ஒரே குறை, கிடங்கில் மட்டும் செம்பு கூடவில்லை. கணக்கில் இருப்பது கையில் இல்லையென்றால் திருட்டுத்தானே? கிடங்குக்காரரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார் மாப்பிள்ளை.

கணக்கைச் சரிபார்க்க வந்த தணிக்கையாளன் நான். கணக்கு நம்பத்தக்கது என்று கையெழுத்திட்டால் மாப்பிள்ளைக்கு இயக்குநர் பதவி, கிடங்குக்காரருக்குப் போலீஸ். உறவைச் சொல்லி விலகப் பார்த்தேன். “அப்படின்னா சீக்கிரம் முடிஞ்சிடுமே!” என்றது தலைமை அலுவலகம்.

தங்கை போன் செய்தாள். “அண்ணா, புது வீட்டுக்குத் திரைச்சீலை தைக்கக் கொடுத்துட்டேன். சும்மா நோண்டிக்கிட்டு இருக்காதே.”

நோண்டத் தேவையே இருக்கவில்லை. செம்பு எடுத்தபின் மிஞ்சும் சேறு கால்வாயில் ஓடும். அதில் கொஞ்சம் அள்ளிச் சோதித்து, வீணாகும் செம்பைக் கணக்கிடுவார்கள்; மீதியெல்லாம் கிடங்குக்கு வந்ததாகக் கணக்கு. முன்பெல்லாம் கால்வாய் முடிவில், கொட்டும் சேற்றின் குறுக்கே குவளையை நீட்டி அள்ளினார்கள். மாப்பிள்ளை வந்த புதிதில் அது அவர் சட்டையில் தெறித்திருக்கிறது. அன்றிலிருந்து, ஓடும் சேற்றின் மேல்பரப்பில் நாசூக்காக அள்ளுகிறார்கள். கனமான செம்புத் துகள்கள் அடியிலேயே ஓடிக் கழிவுக் குளத்துக்குப் போய்க்கொண்டிருந்தன.

“மாப்பிள்ளை, அடியில ஓடுறதை யாருமே அள்ளலையே?”

“உங்களுக்கு நல்லது நடந்தாலே சந்தேகம் மச்சான்.”

“சரி, நீங்களே கொட்டுற இடத்துல அள்ளுங்க.”

அள்ளினார். சட்டையெல்லாம் புள்ளி. ஆய்வுக்கூடத்தின் விடை எழுபத்தொன்பது.

மாப்பிள்ளை விரல்விட்டுக் கணக்குப் போட்டார். “ரெண்டுக்கும் சராசரி போட்டா எண்பத்தேழு வருமே?”

“போடலாம். அப்போ கிடங்குக்காரர் பாதித் திருடரா?”

 மாப்பிள்ளை அவராகவே போனை எடுத்தார்.

“நான்தான் பேசுறேன். நாளைக்கு வேலைக்கு வந்துடுங்க.”

மறுமுனைக் குரல் எனக்கும் கேட்டது. “செம்பு கிடைச்சிடுச்சா சார்?”

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் உதவவில்லை.

“இல்லைங்க,” என்றார் மெதுவாக. “அது கிடங்குக்கு வரவே இல்லை. தப்பு என்னோடது.”