கண்ணாடி வீட்டுக் கள்ளி

ஊரில் ஆடுகூடச் சீண்டாமல் வேலியோரம் கிடக்கிற கள்ளிக்கு, பிரிக்பீல்ட்ஸ் மேட்டில் ரயில்வே துரை ஒருவர் கண்ணாடி வீடு கட்டி வைத்திருந்தார். குளிருக்காக அல்ல, கோலாலம்பூர் மழை அதன் தலையில் விழக்கூடாதாம். என்ன கொடுப்பினை பாருங்கள்! அதைப் பார்த்துக்கொண்ட தோட்டக்காரன் கன்னையாவின் அறையோ, மழை வந்தால் நாலா பக்கமும் ஒழுகும்.

தொட்டியில் நின்ற அந்தத் தூண் கள்ளி இரண்டாள் உயரம் வளர்ந்து, கூரைக் கண்ணாடியை முட்டிவிட்டது. நடுவில் வெட்டி, மேல் துண்டை நிழலில் காயவைத்து வேறு தொட்டியில் நடச் சொன்னார் துரை. கன்னையா நாளைக்கு, நாளைக்கு என்று நழுவிக்கொண்டிருந்தான். அவன் மகள் ராஜம்மாவுக்கு அம்மை போட்டிருந்தது. அம்மை கண்ட வீட்டார் எதையும் வெட்டக்கூடாது, தாளிக்கக்கூடாது. ஆத்தா கோபித்துக்கொள்வாள். காரணத்தைத் துரையிடம் சொல்லவும் வழியில்லை. சொன்னால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டுபோய்த் தொற்றுநோய்க் கொட்டகையில் போட்டுவிடுவார்கள். அதற்குப் பயந்து அவன் பெண்சாதி நல்லம்மாள் வேப்பிலையைக்கூட வாசலில் செருகாமல் உள்ளேயே வைத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை துரையே வந்து நின்றார். இப்போதே வெட்டு, இல்லையென்றால் அறையைக் காலிசெய் என்றார். காய்ச்சலில் கிடக்கிற பிள்ளையை மழையில் எங்கே தூக்கிக்கொண்டு போவது? கன்னையா கத்தியை எடுத்தான். ஊர்க் கள்ளி மாதிரி பால் பீறிடும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு வெட்டினான். பால் வரவில்லை, வெறும் தண்ணீர்தான் கசிந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் ராஜம்மா போய்விட்டாள்.

அவனுக்கு அழுகை வரவில்லை. புதைத்தான். மூன்றாம் நாள் பால் தெளித்துவிட்டு வந்து, ரோஜாச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டான். உடம்பு நடமாடியது, அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் நல்லம்மாள் அடுப்பு மூட்டாமல் உட்கார்ந்திருந்தாள். பிள்ளை படுத்த நாளிலிருந்து அறையை விட்டு வெளியே வராதவள். அவன் முகத்தைப் பார்க்காமலே கேட்டாள்.

“தொரை சொன்ன கள்ளிய வெட்டினீங்களா?”

“இல்ல. இன்னும் வெட்டல.”

அந்தப் பொய் அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்றுதான் நினைத்தான், பாவி மனிதன். அவள் அரிசி தீர்ந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி சொன்னாள்.

“அப்ப நாந்தான். வெறுங்கஞ்சி உங்களுக்கு எறங்கலன்னு அன்னிக்கு ரெண்டு கடுகு தாளிச்சிட்டேன்.”

கன்னையா வாயைத் திறந்தான். நீ இல்லை என்று ஒரு வார்த்தை அவன் சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, அப்புறமும் சொல்லவில்லை.